வாக்கும் வாக்குரிமையும்: தென்கொரியா நேரடித் தேர்தலை மீட்ட வரலாறு

தமிழில் 'வாக்கு' என்னும் சொல்லுக்குப் பழம்பொருள் பேச்சு என்பதாம். ஒருவர் மற்றவர்க்குக் கொடுக்கும் உறுதிமொழியையும் அச்சொல் குறிக்கும். மக்களாட்சி வந்த பின்னர்த் தேர்தலில் குடிமக்கள் அளிக்கும் ஒப்புதலுக்கும் அதுவே பெயராயிற்று. மூன்று பொருள்கள் ஒரு சொல்லில் வந்து கூடியது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் ஒரு நாட்டில் பேச்சு பறிபோனால் தேர்தல் வாக்கின் நிலை என்னவாகும், அதனை மீட்க விழையும் மக்கள் எங்கிருந்து தொடங்குவர் என்பனவற்றுக்குத் தென்கொரியாவின் வரலாறு தக்கதொரு சான்றாக நிற்கிறது. அந்நாட்டு மக்கள் தம் குடியரசுத் தலைவரைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையை 1972ஆம் ஆண்டில் இழந்தனர்; 1987ஆம் ஆண்டில் மீட்டனர். இடைப்பட்ட காலத்தில் அவர்கள் பெயரால் ஒரு தேர்வாளர் குழு வாக்களித்து வந்தது.

தேர்வாளர் குழு என்னும் ஏற்பாடு தன்னளவில் தீயதன்று. இந்தியக் குடியரசுத் தலைவரை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மாநிலச் சட்டப்பேரவைகளிலும் உள்ள, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர். அமைச்சரவையின் அறிவுரைப்படி செயற்படும் தலைவருக்கு அம்முறை பொருந்துகிறது. அமெரிக்காவிலோ ஆட்சியதிகாரம் முழுவதும் உடைய தலைவரைத் தேர்வாளர் குழுவே முறைப்படி தேர்ந்தெடுக்கிறது. 2000ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் நாடு முழுவதும் குறைந்த வாக்குப் பெற்றவரே அங்குத் தலைவரானார். அது குறித்த வாதம் இன்னும் ஓயவில்லை. எனினும் அங்கே கட்சிகள் போட்டியிடுகின்றன; ஏடுகள் எழுதுகின்றன; வாதம் நடக்கிறது. கொரியாவில் நிகழ்ந்தது வேறு. அங்கே வாதமே சட்டத்தால் விலக்கப்பட்டது.

முதல் நேரடித் தேர்தல்

நேரடித் தேர்தல் கொரியாவுக்கு வந்த வழியும் தூயதன்று என்பதை முதலிற் சொல்லிவிடுதல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டப்படி குடியரசுத் தலைவரை நாடாளுமன்றமே தேர்ந்தெடுத்தது. அவ்வாறு தலைவரானவர் சிங்மன் ரீ. 1950ஆம் ஆண்டின் பொதுத்தேர்தலுக்குப் பின் நாடாளுமன்றத்தில் அவருக்கு ஆதரவு குன்றியது. உறுப்பினர்கள் தம்மை மீண்டும் தேர்ந்தெடுக்கமாட்டார்கள் என்றுணர்ந்த அவர், மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார். அப்பொழுது கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது; தலைநகர் பூசன் துறைமுக நகருக்கு மாற்றப்பட்டிருந்தது. 1952ஆம் ஆண்டு மே மாதம் அங்கு இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. உறுப்பினர்கள் ஏறிவந்த பேருந்தையே இராணுவத்தினர் இழுத்துச் சென்றனர். ஜூலை 4ஆம் நாள் இரவு, காவலர் சூழ்ந்த அவையில், உறுப்பினர் எழுந்து நின்று வாக்களிக்கும் முறையில் சட்டத்திருத்தம் நிறைவேறிற்று. மக்களுக்கு உரிமை வழங்கிய சட்டம், மக்களின் பேராளர்களை அச்சுறுத்திப் பெறப்பட்டதாயிற்று.

ஆயினும் அவ்வுரிமையை மக்கள் தமதாக்கிக் கொண்டனர். 1960ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் நடந்த தேர்தலின் மோசடியைக் கண்டு மசான் நகர மக்கள் தெருவுக்கு வந்தனர். அன்று காணாமற்போன ஒரு மாணவனின் உடல், கண்ணீர்ப்புகைக் குண்டு கண்ணில் பாய்ந்த நிலையில், ஏப்ரல் 11ஆம் நாள் கடலில் மிதந்தது. ஏப்ரல் 19ஆம் நாள் சியோல் நகரத்தில் மாணவர் கிளர்ந்தெழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒரு வாரத்தில் சிங்மன் ரீ பதவி துறந்தார். தமக்கு வசதியென்று கருதி ஆட்சியாளர் கொடுத்த வாக்குச்சீட்டு களவாடப்பட்டபொழுது, அதற்காக உயிர் கொடுக்கும் அளவுக்கு அது மக்களின் உடைமையாகிவிட்டிருந்தது.

ஒரே இடம், இரு கூட்டங்கள்

1961ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் படைத்தலைவர் பார்க் சுங் ஹீ ஆட்சியைக் கைப்பற்றினார். இரண்டாண்டு இராணுவ ஆட்சிக்குப் பின் 1963இல் அவர் நேரடித் தேர்தலில் நின்றார். ஒன்றரை இலட்சத்தைச் சற்றே தாண்டிய வாக்கு வேறுபாட்டில் வென்றார். 1967இல் மீண்டும் வென்றார். இரு முறைக்கு மேல் ஒருவர் பதவி வகிக்கலாகாது என்றிருந்த விதியை 1969இல் திருத்தி, 1971இல் மூன்றாம் முறையாகப் போட்டியிட்டார். அவரை எதிர்த்து நின்றவர் கிம் டே ஜுங்.

அத்தேர்தற் காலத்தில் சியோல் நகரத்தின் ஜாங்சுங்தான் பூங்கா இரு பெருங்கூட்டங்களைக் கண்டது. ஏப்ரல் 18ஆம் நாள் அங்கே பேசிய கிம் டே ஜுங், இம்முறையும் பார்க் வென்றால் இனித் தேர்தலே இராது, வாழ்நாள் முழுதும் ஆளும் சர்வாதிகாரம் வந்துவிடும் என்று எச்சரித்தார். ஏப்ரல் 25ஆம் நாள் அதே பூங்காவிற் பேசிய பார்க், மக்களிடம் தாம் வாக்குக் கேட்பது இதுவே இறுதிமுறை என்று உறுதி கூறினார். ஏப்ரல் 27ஆம் நாள் தேர்தல் நடந்தது. பார்க் 53.2 விழுக்காடும், கிம் 45.3 விழுக்காடும் பெற்றனர்.

பார்க் தாம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார் என்றே சொல்லவேண்டும். அதன்பின் அவர் மக்களிடம் வாக்குக் கேட்கவேயில்லை. கேட்கவேண்டிய தேவையை ஒழித்துவிட்டார். 1972ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் இராணுவச் சட்டம் பிறப்பித்து நாடாளுமன்றத்தைக் கலைத்தார். 'யூஷின்' என்று பெயரிட்ட புதிய அரசியலமைப்புச் சட்டத்தை முன்வைத்தார். மறுமலர்ச்சி, புதுப்பித்தல் என்னும் பொருளுடையது அச்சொல். இராணுவச் சட்டத்தின் கீழேயே நடந்த மக்கள் கருத்து வாக்கெடுப்பில் 91.5 விழுக்காட்டினர் அதற்கு ஒப்புதல் தந்தனர் என அறிவிக்கப்பட்டது.

வாதமில்லாத தேர்வு

புதிய சட்டம் 'மறு இணைப்புக்கான தேசிய மன்றம்' என்னும் தேர்வாளர் குழுவை நிறுவியது. அதன் உறுப்பினர்கள் கட்சி சாராதவர்களாக இருத்தல் வேண்டும். அம்மன்றத்தின் தலைமையை வகிப்பவர் குடியரசுத் தலைவரே. தம்மைத் தேர்ந்தெடுக்கும் மன்றத்துக்குத் தாமே தலைவர்! நாடாளுமன்ற உறுப்பினருள் மூன்றிலொரு பங்கினரையும் அவர் பரிந்துரைப்பார், மன்றம் ஒப்புக்கொள்ளும். பதவிக்கு வரையறை எதுவும் இல்லை. அனைத்தினும் மேலாக, மன்றம் குடியரசுத் தலைவரை 'விவாதமின்றி' மறைவாக்கு மூலம் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று சட்டமே விதித்தது. பேச்சைப் பிரித்தெடுத்துவிட்டு வாக்கை மட்டும் விட்டுவைத்த ஏற்பாடு அது.

1972ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் தேர்தல் நடந்தது. இடம், சியோல் நகரத்து ஜாங்சுங் உள்விளையாட்டரங்கம். ஓராண்டு எட்டுத் திங்களுக்கு முன்பு எச்சரிக்கையும் உறுதிமொழியும் ஒலித்த பூங்காவுக்கு அருகிலேயே அவ்வரங்கம் அமைந்திருக்கிறது. வேட்பாளர் ஒருவரே. வாக்களித்தோர் 2,359 பேர். பார்க்குக்கு ஆதரவு 2,357, செல்லாதவை இரண்டு. 1978ஆம் ஆண்டு ஜூலையில் அதே அரங்கில் மீண்டும் தேர்தல். 2,578 வாக்குகளில் 2,577 அவருக்கு, செல்லாதது ஒன்று. மறைவாக்கு என்றது சட்டம். மறைக்க அதில் ஒன்றுமில்லை. இவ்வாறு பதவிக்கு வந்தோரைக் கொரிய மக்கள் 'விளையாட்டரங்கத் தலைவர்' என்று எள்ளி அழைக்கலாயினர்.

அரங்கின் உள்ளே வாதம் விலக்கப்பட்டது போலவே வெளியிலும் விலக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த முதலாம் அவசர ஆணை, அரசியலமைப்புச் சட்டத்தைக் குறைகூறுவதையும் அதனைத் திருத்தக் கோருவதையும் 15 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. தேர்தல் முறையை மாற்றவேண்டும் என்று ஒருவர் வாய்திறப்பதே குற்றம் என்றான நிலையில், சொல்லைத் தொழிலாகக் கொண்டவர்கள் முதலில் அடிபட்டது வியப்பன்று. அதற்கு முன்பே, 1970இல் 'ஐந்து திருடர்கள்' என்னும் அங்கதக் கவிதையை எழுதிச் சிறை கண்ட கிம் ஜி ஹா, 1974இல் மரணதண்டனை விதிக்கப்பெற்றார். அது பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 1979இல் கைதான கவிஞர் கிம் நாம் ஜு ஒன்பதாண்டு சிறையிருந்தார். எழுதுகருவி மறுக்கப்பட்ட நிலையில் பால் உறைகளின் மேல் கீறிக் கவிதை படைத்தார். அங்கே கவிஞர்கள் அரசியலைத் தேடிச் சென்றார்கள் என்பதைவிட, பேச்சைக் குற்றமாக்கிய அரசியல் அவர்களைத் தேடி வந்தது என்பதே பொருந்தும்.

மீண்டும் அதே அரங்கம்

1979ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் பார்க் தம் உளவுத்துறைத் தலைவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மக்களாட்சி மலரும் என்ற நம்பிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை. டிசம்பர் 12ஆம் நாள் படைத்தலைவர் சுன் டூ ஹ்வான் இராணுவத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவந்தார். 1980ஆம் ஆண்டு மே மாதம் குவாங்ஜு நகரத்தில் எழுந்த மக்கள் கிளர்ச்சி குருதி வெள்ளத்தில் ஒடுக்கப்பட்டது. கிம் டே ஜுங்குக்கு அவ்வாண்டே மரணதண்டனை விதிக்கப்பட்டது. அதுவும் பின்னர்க் குறைக்கப்பட்டது. ஆகஸ்ட் 27ஆம் நாள் ஜாங்சுங் அரங்கில் தேசிய மன்றம் கூடிச் சுன் டூ ஹ்வானுக்கு 2,525 வாக்குகளில் 2,524 வாக்குகளை அளித்தது.

அதன்பின் சட்டம் மாறியது. பழைய மன்றம் போய், 5,000க்கு மேற்பட்டோர் கொண்ட புதிய தேர்வாளர் குழு வந்தது. கட்சியினர்க்கும் இடமளிக்கப்பட்டது, ஒருவர் ஏழாண்டு, ஒருமுறை மட்டுமே பதவி வகிக்கலாம் என்றாயிற்று. 1981ஆம் ஆண்டு பிப்ரவரியில் அக்குழு சுன் டூ ஹ்வானையே ஏறத்தாழ 90 விழுக்காட்டு வாக்குகளால் தேர்ந்தெடுத்தது. நூற்றுக்கு நூறு தொண்ணூறாகக் குறைந்தது. மக்கள் கண்ட மாற்றம் அவ்வளவே.

ஆகவேதான் 1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், நேரடித் தேர்தல் வேண்டும் என்று முழங்கிய புதிய எதிர்க்கட்சி எதிர்பாராத வலிமை பெற்றது. மறு ஆண்டு, சட்டத்திருத்தம் கோரி ஒரு கோடிக் கையொப்பம் திரட்டும் இயக்கம் தொடங்கிற்று. தொழிலாளர்க்கு ஊதியக் குறை இருந்தது. மாணவர்க்குக் குவாங்ஜுவின் நீதி வேண்டியிருந்தது. சமயத்தார்க்கு மனித உரிமை பற்றிய கவலை இருந்தது. இவர்கள் எல்லாரையும் ஒரே அணியிற் சேர்த்த கோரிக்கை, நம் தலைவரை நாமே தேர்ந்தெடுக்கவேண்டும் என்பதொன்றே. எளிய கோரிக்கை, எவரும் எளிதில் உணரக்கூடியது, பதினான்கு ஆண்டுகளாக இழந்து நின்றது.

ஒரு பொய்யும் ஒரு முழக்கமும்

1987ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்ற பாக் ஜோங் சோல் என்னும் மாணவர் காவல்துறையின் விசாரணையில் இறந்தார். மேசையை 'டக்' என்று தட்டியதும் அவர் 'ஒக்' என்று ஒலியெழுப்பி வீழ்ந்துவிட்டார் என்பது காவல்துறை தந்த விளக்கம். இரண்டு ஒலிக்குறிப்புச் சொற்களால் ஓர் உயிரின் கணக்கை முடித்துவிட முயன்றனர். நாடு அதனை நம்பவில்லை. நீர்த்தொட்டியில் தலையை அமிழ்த்திச் செய்த சித்திரவதையே காரணம் என்பது சில நாட்களில் வெளிவந்தது. பொறுப்புடையோர் பலர் மறைக்கப்பட்டனர் என்னும் உண்மையைச் சிறையிலிருந்த பத்திரிகையாளர் ஒருவர் அறிந்து கடிதமாக எழுதினார். மனச்சான்றுள்ள சிறைக்காவலர் அதனை வெளியே சேர்ப்பித்தனர். மே 18ஆம் நாள், குவாங்ஜு நினைவுநாள் வழிபாட்டின்போது, மியோங்டொங் பேராலயத்தில் கத்தோலிக்கக் குருமார் அதனை உலகறியப் படித்தனர்.

இதற்கிடையில், ஏப்ரல் 13ஆம் நாள், சுன் டூ ஹ்வான் ஓர் அறிவிப்பை வெளியிட்டிருந்தார். சட்டத்திருத்தப் பேச்சு 1988ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டு முடியும் வரை நிறுத்தப்படும். அடுத்த தலைவர் நடப்பிலுள்ள சட்டப்படியே தேர்ந்தெடுக்கப்படுவார் என்பது அதன் சாரம். அதாவது, மீண்டும் தேர்வாளர் குழு, மீண்டும் வாய்மூடல். பேராசிரியர்கள், சமயத்தலைவர்கள், எழுத்தாளர்கள் எனப் பலரும் கண்டன அறிக்கைகளில் கையெழுத்திட்டனர்.

அரசு தன் நிலைப்பாட்டை 'அரசியலமைப்பைக் காத்தல்' என்று அழைத்தது. கேட்பதற்கு நல்ல சொல். மக்கள் அதனை அப்படியே பற்றிக்கொண்டு, 'அந்தக் காப்பினை ஒழி. சர்வாதிகாரத்தை வீழ்த்து' என்னும் பொருள்பட முழங்கினர். கொரிய மொழியில் அது நான்கு அசையும் நான்கு அசையுமாக அமைந்தது. நடந்துகொண்டே சொல்லலாம், கைதட்டிச் சொல்லலாம்.

ஜூன் 9ஆம் நாள் யோன்செய் பல்கலைக்கழக வாயிலில் லீ ஹான் யோல் என்னும் மாணவர் கண்ணீர்ப்புகைக் குண்டால் தலையில் தாக்குண்டு வீழ்ந்தார். மறுநாள், ஜூன் 10இல், ஆளுங்கட்சி தன் வேட்பாளராகச் சுன்னின் படைத்தோழர் ரோ டே வூவைத் தேர்ந்தது. தேர்வாளர் குழு இருக்கும்போது வேட்பாளரே வெற்றியாளர். ரோவை வாழ்த்திய அவ்விழா ஜாம்சில் உள்விளையாட்டரங்கத்தில் நடந்தது. அன்று மாலை 6 மணிக்குத் திட்டமிட்டபடி வாகனங்கள் ஒலிப்பான்களை ஒலித்தன; கோயில் மணிகள் முழங்கின; நாடெங்கும் மக்கள் தெருவில் இறங்கினர். பேச்சு தடுக்கப்பட்ட நகரம் அன்று ஒலியாற் பேசிற்று.

மாணவர் பேராலயத்தில் தஞ்சம் புகுந்தனர். கர்தினால் கிம் சூ ஹ்வான் அவர்களைக் காவலரிடம் ஒப்படைக்க மறுத்தார். நண்பகல் உணவு வேளையில் கழுத்துப்பட்டை அணிந்த அலுவலகப் பணியாளரும் ஊர்வலத்திற் சேர்ந்தனர். ஜூன் 26ஆம் நாள் அமைதிப் பேரணியில் நாடு முழுவதும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கலந்துகொண்டனர். இராணுவத்தை ஏவும் எண்ணமும் ஆட்சியாளரிடம் இருந்தது. ஒலிம்பிக் விளையாட்டு நெருங்கியிருந்ததும், படைபலம் வேண்டாவென அமெரிக்கா வற்புறுத்தியதும், குவாங்ஜுவின் நினைவும் அவர்களைத் தயங்கச் செய்தன. ஜூன் 29ஆம் நாள் ரோ டே வூ எட்டு அம்ச அறிவிப்பை வெளியிட்டார். அதன் முதல் அம்சம் நேரடித் தேர்தல். அதில் பத்திரிகைச் சுதந்திரமும் இடம்பெற்றிருந்தது. இரு வாக்கும் ஒருங்கே மீண்டன. லீ ஹான் யோல் ஜூலை 5ஆம் நாள் உயிர்நீத்தார்.

வென்றதும் தோற்றதும்

அக்டோபர் 27ஆம் நாள் நடந்த கருத்து வாக்கெடுப்பில் புதிய அரசியலமைப்புச் சட்டம் 93.1 விழுக்காட்டு ஆதரவு பெற்றது. ஐந்தாண்டு, ஒரே முறை பதவி. நாடாளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரம் தலைவர்க்கு இல்லை. தனியே ஓர் அரசியலமைப்பு நீதிமன்றம் என்பன அதன் சிறப்புக்கூறுகள். மிகுதியான வாக்குப் பெற்றவரே வென்றவர் என்றும், இரண்டாம் சுற்று வேண்டியதில்லை என்றும் அதிற் கொள்ளப்பட்டது.

டிசம்பர் 16ஆம் நாள், பதினாறு ஆண்டுகளுக்குப் பின், மக்கள் நேரடியாக வாக்களித்தனர். வாக்காளருள் 89.2 விழுக்காட்டினர் வந்தனர். ஆனால் மக்களாட்சிக்காகப் போராடிய இரு தலைவர்கள், கிம் யங் சாமும் கிம் டே ஜுங்கும், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கவில்லை. கிம் யங் சாம் 28 விழுக்காடும் கிம் டே ஜுங் 27 விழுக்காடும் பெற்றனர். 36.6 விழுக்காடு பெற்ற ரோ டே வூ தலைவரானார். தேர்வாளர் குழு யாரை அமர்த்தவிருந்ததோ அவரையே நேரடித் தேர்தலும் அமர்த்தியது. ஜூன் மாதத் தெருக்களில் நின்றவர்கள் அடைந்த கசப்புக்கு அளவில்லை.

அப்படியாயின் அப்போராட்டம் வீணா? அன்று வந்த விடையை மட்டும் நோக்குவோர் ஆம் எனலாம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. ரோ டே வூ மக்களை நாடிச் சென்று, எதிர்ப்பாளருடன் போட்டியிட்டு, மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேற்பட்ட ஆதரவை மட்டுமே பெற்றார் என்பது உலகறிந்த உண்மையாயிற்று. 2,359இல் 2,357 பெற்றவர் தம்மை நாட்டின் ஒரே குரல் என்று சொல்லிக்கொள்ளலாம்; 36.6 விழுக்காடு பெற்றவரால் அவ்வாறு சொல்லிக்கொள்ள இயலாது. 1992இல் கிம் யங் சாம் வென்றார். அவர் காலத்தில் சுன், ரோ இருவரும் குற்றக்கூண்டில் ஏறித் தண்டனை பெற்றனர். 1997ஆம் ஆண்டு டிசம்பரில், ஒருகால் தூக்குமேடையின் நிழலில் நின்ற கிம் டே ஜுங் 40.3 விழுக்காட்டு வாக்குகளால் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கொரியாவில் ஆளுங்கட்சியிடமிருந்து எதிர்க்கட்சிக்குத் தேர்தலின் மூலம் ஆட்சி மாறியது அதுவே முதன்முறை.

நேரடித் தேர்தல் நல்ல தலைவரையே தரும் என்பதற்கும் உறுதியில்லை. 2022இல் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட யூன் சுக் யோல், 2024ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் இரவு இராணுவச் சட்டம் பிறப்பித்தார். வெளிவந்த முதல் ஆணை அரசியற் செயற்பாடுகளைத் தடைசெய்தது. செய்தி ஊடகங்களை இராணுவக் கட்டுப்பாட்டின் கீழ் வைத்தது. பழைய முறைதான்: முதலிற் பேச்சு, பின்னர் மற்றவை. ஆனால் இம்முறை மக்கள் நள்ளிரவில் நாடாளுமன்ற வாயிலுக்கு விரைந்தனர். உறுப்பினர் சிலர் மதிலேறிக் குதித்து உள்ளே சென்றனர். கூடிய 190 பேரும் ஒருமனதாக வாக்களித்து, சில மணிநேரத்தில் அவ்வாணையை முறியடித்தனர். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி பிறந்த அரசியலமைப்பு நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. ஜூன் 3ஆம் நாள் மக்கள் மீண்டும் வரிசையில் நின்று தம் தலைவரைத் தாமே தேர்ந்தெடுத்தனர்.

தேர்வாளர் குழுவை நீக்கி நேரடித் தேர்தலை நிறுவுதல் சட்டநூலில் ஒரு விதியை மாற்றும் செயலாகவே தோன்றும். கொரிய மக்களுக்கு அது அவ்வளவில் நிற்கவில்லை. விவாதமின்றித் தேர்ந்தெடுக்க என்று எழுதிய சட்டத்தை அவர்கள் விவாதித்தே வீழ்த்தினர். கவிஞர் பால் உறையிற் கீறிய வரியும், கைதி எழுதிய கடிதமும், மாலை 6 மணிக்கு ஒலித்த ஒலிப்பானும் வாக்குச்சீட்டுக்கு முன்னதாக வந்தன. பேசும் வாக்கை முதலில் மீட்டவர்களுக்கே தேர்தல் வாக்கு திரும்பி வந்தது. 2024ஆம் ஆண்டின் டிசம்பர் இரவில் அதனைக் காத்ததும் அந்த முதல் வாக்கே.